இடைஞ்சல்

அநியாயம் நடந்தது அப்பாவுக்கு. அவர் குரலை அவர் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தட்டிக்கேட்க அவர் உயிரோடும் இல்லை.

விடுதியிலிருந்து லீவுக்கு வந்த மகள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். வழக்கமாக முதலில் அப்பாவின் படம் வரும். கூடவே குரலும்: "என்ன மேடம், எழுந்தாச்சா?" ஏதோ பழைய வீடியோவிலிருந்து வெட்டியெடுத்து, அம்மாவுக்காக அவளே செய்துவைத்த ஏற்பாடு.

இன்று படமும் இல்லை, குரலும் இல்லை. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. அம்மா ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் பக்கம் நேராக வந்து நின்றது.

"யார் இதுல கை வச்சது?"

"நான்தான்மா" என்றார் அவர். அம்மாவைப் போன வருடம் கல்யாணம் செய்துகொண்டவர். "ஆன் பண்ணினதும் இடைஞ்சல் இல்லாம கிளாஸ் வரட்டும்னு..."

"இடைஞ்சலா? எங்கப்பா இடைஞ்சலா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கல்யாணத்துக்கு முதல்ல சரின்னு சொன்னதே நான்தான். உங்களுக்காக அத்தைகிட்ட மல்லுக்கட்டினேன். இன்னிக்கு வரைக்கும் அவங்க என்கூடப் பேசறதில்ல!"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா? இல்லாத மனுஷன்மேல என்ன பொறாமை உங்களுக்கு?"

"தப்புதான். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

எடுத்த எடுப்பிலேயே தப்பை ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படித்தான் சண்டை போடுவது? அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"நீயே கேளும்மா! அப்பா குரலையே அழிச்சிருக்கார். நீயும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கே. என்ன, பயமா?"

அம்மா வாயெடுத்தாள். அவர் தடுத்தார்.

"விடு. என்னைத்தானே திட்டறா, திட்டிட்டுப் போகட்டும்."

"பாத்தியா? உன்னைப் பேசக்கூட விடமாட்டேங்கறார்! இதுக்குப் பேர் என்ன? சொல்லும்மா!"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதை எடுக்கச் சொன்னது நான்டி. உன்கிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சினதும் நான்தான். ஆசையா செஞ்சு குடுத்தே, மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னு. இவர் எதையும் அழிக்கல. நான் அழிச்சுடுங்கன்னு சொல்லியும் கேக்காம, நாளைக்கு நீ வந்து கேட்டா வேணுமேன்னு தனியா பத்திரமா எடுத்து வச்சிருக்கார்."

"ஏம்மா? ஏன் எடுக்கச் சொன்னே?"

"தினமும் காலையில அந்தக் குரல் கேட்டதும், வந்துட்டார்னு ஒரு கணம் நம்பிடுவேன். அப்புறம்தான் நெனப்பு வரும். எத்தனை தடவைடி உங்கப்பா எனக்குச் சாகணும்?"