மூன்று தடவை நின்றால்

"மூணு தடவை நின்னா வித்துடணும். நீங்க கொடுத்த வாக்கு," என்றபடி தேசாங்கா சீட் பெல்ட்டைத் தேடினாள். அந்தக் காரில் அது எப்போதுமே தேட வேண்டிய பொருள்தான்.

"நின்னாத்தானே?" என்றார் அவள் கணவர் மிலூதின்.

எண்பத்திரண்டாம் வருடத்து ஜெர்மன் டீசல் கார். வெண்ணெய் நிறம். ஜெர்மனியில் பதினோரு வருடம் செங்கல் அடுக்கிவிட்டு மிலூதின் செர்பியாவுக்குக் கொண்டுவந்தது இரண்டு: முதுகுவலி, இந்தக் கார். முதுகுவலியை விற்கச் சொல்லி தேசாங்கா ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலை, பக்கத்து நாடான மாண்டிநீக்ரோவின் புத்வா கடற்கரையில் நண்பன் மகனுக்குக் கல்யாணம். சாட்சி மிலூதின்தான். அவர் வந்து நிற்காமல் பாதிரியார் வாயைத் திறக்க மாட்டார். நடுவே ஒரு மலை, ஒரு நாட்டெல்லை, இன்னும் நிறைய மலை.

அக்கா ஸ்டானா கூஜாவோடு வாசலுக்கு வந்திருந்தாள். புறப்படும் வண்டிக்குப் பின்னால் தரையில் ஒரு கூஜா தண்ணீர் ஊற்றினால் பயணம் தண்ணீர் போல ஓடும். பல் பிடுங்கப் போகிறவனைக்கூட அந்த ஊரில் ஊற்றாமல் அனுப்புவதில்லை. மிலூதின் தொப்பியை எடுக்க மாடிக்குப் போய்விட்டு வந்தபோது கூஜா காலியாக இருந்தது.

"அதுக்குள்ள ஊத்திட்டியாக்கா?"

"எல்லாம் ஆச்சு. நீ கிளம்புடா. உன் வண்டி எங்கயும் நிக்காது, எழுதி வச்சுக்க."

வீட்டில் காரின் கட்சியில் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

முதல் மலையில் பாதி ஏறியதும் கார் இருமியது, குலுங்கியது, நின்றது.

"ஒண்ணு," என்றாள் தேசாங்கா.

எதிர்ப்புறக் காபிக் கடையிலிருந்து மூன்று பேர் எழுந்து வந்தார்கள். கையில் ஸ்பேனர் இல்லை. ஆளுக்கொரு சின்ன கிளாஸில் பிளம் சாராயம் இருந்தது.

"பேட்டரி," என்றார் ஒருவர்.

"பேட்டரியாவது மண்ணாவது. வண்டிக்கு மூச்சு முட்டுது," என்றார் இரண்டாமவர்.

"இதோட அண்ணன் வண்டி என்கிட்ட இருந்துச்சு. அதுவும் இப்படித்தான் செத்துச்சு," என்று மூன்றாமவர் ஆறுதல் சொன்னார்.

மூவரும் பானெட்டுக்குள் வெகுநேரம் மரியாதையாக எட்டிப் பார்த்தார்கள். மரியாதைக்கு மயங்கியோ என்னவோ, வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்து எல்லைச் சாவடி வரிசையில் அணைந்தது.

"ரெண்டு."

"இங்க எல்லாரும்தான் நிக்கிறாங்க. இது கணக்குல வராது."

"அவங்க நின்னுட்டுப் போறாங்க. நாம நின்னுட்டு நிக்கிறோம்."

அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். பின்னால் ஹாரன் சத்தம் தாங்காமல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார். அரசாங்கச் செலவில் மாண்டிநீக்ரோவுக்குள் நுழைந்த கார், இறக்கத்தில் தானாகவே உயிர் பெற்றது.

"பாத்தியா?" என்றார் மிலூதின்.

தேசாங்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள்.

மூன்றாம் தடவை, பள்ளத்தாக்கின் நடுவே, ஒரு மெக்கானிக் பட்டறை வாசலிலேயே நின்றது. மெக்கானிக் வூக்கோ டீசல் பில்டரைக் கழற்றினான். அதிலிருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தான். சட்டென்று புல்லில் கொட்டினான். பிறகு முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவன் போல வைத்துக்கொண்டான்.

"பெரியவரே, மனசைத் திடப்படுத்திக்குங்க."

"என்ஜினா?"

"போயிடுச்சு. இந்த வயசுல இதை வச்சுக்கிட்டு நீங்க கஷ்டப்படக் கூடாது. நான் கஷ்டப்படறேன்."

தேசாங்கா 'மூணு' என்று சொல்லவில்லை. மிலூதினுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

"வேற யாராவது ஒருத்தர்கிட்ட காட்டிப் பாக்கலாமேங்க," என்றாள்.

"நாளைக்குக் காலைல கல்யாணம். வாக்குன்னா வாக்குதான்."

கைக்குட்டையால் ஸ்டியரிங்கை ஒருமுறை துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். பதிலுக்கு வூக்கோ இரண்டு பஸ் டிக்கெட்டும், புகையில் வாட்டிய முழுப் பன்றித் தொடை ஒன்றும் கொடுத்தான். தொடை பெரியது. பஸ்ஸில் அதை மிலூதின் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அரை மணி நேரம் கழித்து, செங்குத்தான ஏற்றத்தில், ஒரு வெண்ணெய் நிறக் கார் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. இருமல் இல்லை, குலுங்கல் இல்லை.

"நம்ம வண்டி மாதிரியே இல்ல?" என்றாள் தேசாங்கா.

"நம்மளது செத்துப்போச்சு," என்றார் மிலூதின். ஆனால் அதன் நம்பர் அவருக்கு மனப்பாடம்.

செல்போன் அடித்தது. ஸ்டானா அக்கா.

"போய்ச் சேந்துட்டீங்களாடா? வண்டி தண்ணி மாதிரி ஓடிச்சா?"

"மூணு இடத்துல நின்னுடுச்சுக்கா. வித்துட்டேன்."

எதிர்முனையில் அக்கா பதறிப்போனாள்.

"நிக்க வழியே இல்லையேடா! போன வருஷம் வழக்கம்போல பின்னாடி ரோட்டுல ஊத்தினேன், பாதி வழியில பெல்ட் அறுந்துச்சு. வண்டிக்கு ஊத்தற தண்ணியை ரோட்டுக்கு எதுக்குக் குடுக்கணும்னுதான், இந்தத் தடவை நீ டீசல் போடற மூடியைத் திறந்து, ஒரு சொட்டு சிந்தாம முழுக் கூஜாவையும் உள்ளயே ஊத்தினேன்!"