பின்சக்கரத்து ரப்பர்

இரண்டு கார்களும் பாதையில் ஏறி நின்றன. கண்ணாடிக்காரர் தன்னுடையதை மறுபடியும் கையில் எடுத்து, பின்சக்கரங்களை ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் ஒரு உருட்டு உருட்டினார். துளி தூசி இருந்தாலும் வளைவில் காலை வாரிவிடும்.

எதிரே மச்சினன், மனைவியின் தம்பி. நாலு வருஷமாக இந்த வருடாந்தரப் பந்தயத்தின் கோப்பை அவன் வீட்டு அலமாரியில்தான் குடியிருக்கிறது.

உள்ளங்கை அளவு கார்கள். பாதையில் கீறிய பள்ளத்தில் அடிமுளை மாட்டிக்கொண்டு ஓடும். கையிலிருக்கும் விசையை அமுக்கினால் வேகம், விட்டால் நின்றுவிடும். பச்சைப்பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். வளைவில் பின்சக்கரம் தரையைக் கவ்வவில்லை என்றால் கார் எகிறிச் சோபாவுக்கு அடியில் போய்விடும். இவர் தொந்தியோடு குப்புறப் படுத்துத் துழாவ வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தம்பிக்குக் கை தட்டுவாள் இவர் மனைவி.

கோப்பை கிடக்கட்டும். கட்டின மனைவி ஒரே ஒரு தடவை தனக்காகக் கை தட்டிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அதற்காக அவர் டயராக மாட்டிப் பார்க்காத ரப்பர் இல்லை. பஞ்சு ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. செருப்பு அடி ஒரே வாரத்தில் கல்லாகிப் போனது. சிலிக்கோன் இரண்டு சுற்று வரை தங்கமாக இருந்து, மூன்றாவது சுற்றில் வீட்டிலிருந்த தலைமுடியை எல்லாம் சுருட்டிக்கொண்டது. வெட்கத்தை விட்டு, எந்த ரப்பர் போடுகிறாய் என்று மச்சினனிடமே கேட்டார். அது பரம்பரைச் சொத்து அத்தான், வெளியாளுக்குத் தர முடியாது என்று சிரித்துவிட்டான்.

இன்று விடியற்காலையில்தான் அந்த ரப்பர் கண்ணில் பட்டது. சாம்பல் நிறம். கெட்டியும் இல்லை, கொழகொழப்பும் இல்லை. நடுவில் துளை வேறு. வெண்டைக்காய் மாதிரி நறுக்கினால் வளையம் வளையமாக டயர். இத்தனை நாள் இது கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார். கீழே இருக்கும் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடி, லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்திலேயே வட்டம் பிசகாமல் தேய்த்தெடுத்தார்.

எங்கே கிடைத்தது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு நாள் முழுக்க மாமனாருக்கு ராஜ உபசாரம். மாமனார் இவர்களோடுதான் இருக்கிறார். பந்தயத்துக்கு நடுவரும் அவர்தான். கைத்தாங்கலாக அழைத்துவந்து பாதையின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சாப்பாடு மடிக்கு வந்தது, செய்தித்தாள் கைக்கு வந்தது. எதுவானாலும் கூப்பிடுங்கள் மாமா, நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம் என்றார். இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சினனுக்கு மட்டும் காலையில் வந்ததிலிருந்தே முகம் சரியில்லை. அப்பாவின் அறைக்குள் போவதும், கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தான். கடைசியில் போன வருஷத்து டயரோடேயே வந்து நின்றான். பயல் பயந்துவிட்டான் என்று இவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மாமனார் கையைக் கீழே இறக்கினார். கார்கள் பறந்தன.

முதல் வளைவில் இவருடைய கார் இம்மிகூட வழுக்கவில்லை. இரண்டாவது வளைவில் விசையை விடவே இல்லை. அப்படியும் பாதையைக் கவ்விக்கொண்டு போனது. கடைசிச் சுற்றில் மச்சினனின் கார் வழுக்கி, எகிறி, சோபாவுக்கு அடியில் போயிற்று.

கண்ணாடிக்காரர் ஜெயித்துவிட்டார்.

மனைவி இரண்டு கைகளையும் தூக்கினாள். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டக்.

அந்தச் சத்தத்தில் கைகள் அப்படியே நின்றன.

டக். டக். டக்.

மாமனார் கோப்பையைக் கொடுக்க எழுந்து வந்துகொண்டிருந்தார். அவர் நடக்கிற சத்தத்தை அந்த வீட்டில் யாரும் கேட்டதே கிடையாது. அவரைப் பற்றிச் சமையலறையில் பேசினால், பின்னாலேயே நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் போகிறவர். இப்போது ஒவ்வொரு அடிக்கும் அவருடைய அலுமினியக் கைத்தடி தரையில் அடித்துக்கொண்டு வந்தது.

எல்லோரும் கைத்தடியின் அடியைப் பார்த்தார்கள். அங்கே ரப்பர் இல்லை. பிறகு எல்லோரும் காரைப் பார்த்தார்கள்.

சோபாவுக்கு அடியிலிருந்து தலையை நீட்டிய மச்சினன்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கண்ணாடிக்காரரை முறைத்தான்.

மாமனார் காரை எடுத்துப் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"வருஷா வருஷம் இவன்தான் கழட்டிட்டுப் போவான், மாப்பிள்ளை. இந்தத் தடவை நீங்க முந்திக்கிட்டீங்க."

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் மச்சினன் வந்து இறங்கியதுமே மாமனாரின் கைத்தடி ரப்பர் காணாமல் போகும். வயசான மனுஷன், எங்கே தொலைத்தாரோ என்று, உடனே மருந்துக்கடைக்கு ஓடிப் புதிது வாங்கி வந்து மாட்டிவிடுகிறவர் இவர்தான்.

மாமனார் கோப்பையை இவர் கையில் கொடுத்தார்.

"போய்ப் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. இன்னைக்கே நடக்க ஆரம்பிச்சாத்தான் அடுத்த வருஷத்துக்குப் பதமா வரும்."

மனைவி கை தட்டினாள். நெடுநேரம், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே தட்டினாள்.

அப்பாவுக்கு.