சிரிக்காத மாப்பிள்ளை

சிரித்தால் கல்யாணம் நின்றுவிடும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தியேட்டர் இருட்டில் எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான் முத்துப்பாண்டி.

திரையில் நாற்பது வயது ஹீரோ, அம்மா ஊட்டிவிட்ட இட்லியை வாயில் அடக்கியபடி, "எவன்டா இங்க ஆம்பள?" என்று தொடையைத் தட்டினான். இட்லி வில்லன் மூஞ்சியில் தெறித்தது. தியேட்டரே குலுங்கியது, முத்துப்பாண்டி மட்டும் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டான்.

பக்கத்து சீட்டில் வருங்கால மாமனார் விருமாண்டி. அருவா மீசை, பசுமலையில் சிமெண்ட் கடை. "வாங்க மாப்ள, படத்துக்குப் போவோம்" என்று அவரே கூப்பிட்டபோது, நண்பன் அசோக்குமார்தான் எச்சரித்தான்.

"டேய், அது படமில்லடா, பரீட்சை! அந்த வீட்ல சம்பளத்தக்கூடக் கேக்கல, பொறுப்பான பையனான்னுதான் விசாரிச்சாங்களாம். நீ எதுக்குச் சிரிக்கிறன்னு அந்தாளு பாப்பாரு. சிரிச்ச, செத்த!"

ஏற்கெனவே இரண்டு வீட்டில், 'விளையாட்டுப் பிள்ளை' என்று கைகழுவிவிட்டார்கள். அதெல்லாம் அவனுக்கு வலிக்கவில்லை. ஆனால் விருமாண்டியின் மகள் அஸ்வினியை விட்டுக்கொடுக்க மனசே இல்லை. பெண் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

படத்துக்குக் கிளம்பும்போது அஸ்வினியின் அம்மா மாயக்காள், பைக் சாவியைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கி இவனிடம் கொடுத்தாள். "அவரு பர்ஸும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றாள். அதற்குள் இம்புட்டு மரியாதையா என்று இவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஹீரோ குத்தாட்டம் போட ஆரம்பித்ததும் விருமாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட் மேல் ஏறினார். விரலை வாயில் வைத்து ஒரு விசில்! "நீயும் ஏறு மாப்ள!"

முத்துப்பாண்டிக்குக் கால் துறுதுறுத்தது. தூண்டில் போடுகிறார் மனுஷன், சிக்கிவிடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"எறங்குங்க மாமா, விழுந்துருவீங்க. பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குதுல்ல?"

இடைவேளையில் விருமாண்டி இரண்டாவது ஐஸ்கிரீமுக்குக் கை நீட்டினார். இதுவும் தூண்டில்தான். "ஒண்ணு போதும் மாமா, தொண்ட கட்டிக்கிரும்."

படம் முடிந்ததும் பைக்கைத் தானே ஓட்டுவேன் என்று அடம்பிடித்தார். "பின்னாடி ஒக்காருங்க. ஹெல்மெட்ட மாட்டுங்க மொதல்ல!" என்று அதட்டியே விட்டான். அதட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமனாரைப் போய் அதட்டிவிட்டோமே!

வீட்டு வாசலில் அஸ்வினியும் மாயக்காளும் காத்திருந்தார்கள். பைக் நிற்பதற்குள் குதித்து இறங்கிய விருமாண்டியின் மீசை துடித்தது.

"இந்த மாப்ள வேணாம்! விசிலடிக்க விடல, இன்னொரு ஐஸ்கிரீம் வாங்கித் தரல, வண்டியத் தொடவிடல. எல்லாத்துக்கும் அதட்டுறான்!"

முத்துப்பாண்டிக்குக் கண் இருட்டியது. போச்சு, எல்லாம் போச்சு. அஸ்வினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"தேதி குறிம்மா, அப்பாவ வளக்க ஆள் கெடச்சிருச்சு!"