ஸைனாவுக்கு ஒரு பட்டி
மழை விட்ட வெயில் அக்குறணைக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் விழுகிறது. நாடித்துடிப்பைக் காட்டும் பட்டியொன்றை ஐந்து வயது ஸைனாவின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார் கடைக்கார முனாஸ் நானா. சின்னத் திரையில் எண்பத்தெட்டு ஒளிர்கிறது. "எப்பிடி தம்பி? டொக்டர்மார் கடையை மூட வேண்டியதுதான்," என்கிறார் நானா. ஸைனாவின் தகப்பன் இம்தாத் சிரிக்கவில்லை. அவனுடைய மனைவி ஆஸிகா இதய நோயால் தூக்கத்திலேயே மௌத்தாகி நான்கு மாதமாகிறது. பிள்ளையின் இதயத்தையும் சோதிக்கச் சொல்லி டொக்டர் தந்த கடிதம் அலுமாரியிலேயே கிடக்கிறது. என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் அவன் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவில்லை; பதிலுக்கு இந்தப் பட்டியை வாங்க வந்திருக்கிறான். இப்போது அவன் பட்டியைக் கழற்றி, நானா குடித்து மிச்சம் வைத்த பிளேன்டீக் கோப்பையைச் சுற்றிக் கட்டுகிறான். பச்சை விளக்கு மினுங்குகிறது. கோப்பையிலிருந்து ஆவி மெல்ல எழுகிறது. திரையில் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. "தேத்தண்ணிக்கும் உசிர் ஈக்கி போல," என்று சிரிக்கத் தொடங்கிய நானா, அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார். "வாப்பா, கோப்பைக்குச் சுகமில்லையா?" என்கிறாள் ஸைனா. "இல்ல மகள்." பட்டியைக் கழற்றி நானாவிடம் நீட்டுகிறான். "இது வாணாம், நானா." பிறகு போனை எடுத்து, எப்போதோ மனப்பாடமாகிவிட்ட கிளினிக் எண்ணை அழுத்துகிறான். மணி இரண்டு தரம் அடிக்கிறது. "பிள்ளையைக் காட்டணும்," என்கிறான். "நாளைக்கே வரலாமா?"