ஒரே சத்தம்

மண்ணுக்குள் உலோகம் தேடும் மெர்வினின் கருவி மறுபடியும் கூவியது. குப்பை மண்டிய ஏரிக்கரையில் அன்று நாற்பதாவது முறையாக மண்ணைக் கிளறினான். பழைய பீர் டின்னைத் திறக்கும் வளையம்தான் வந்தது.

"சனியன்! தங்கமும் இதுவும் ஒரே சத்தம்தான் போடுது." அதையும் குப்பை வாளியில் வீசினான்.

பக்கத்து வீட்டு கிளெனிஸ் தூரத்து மர நிழலில் காத்திருந்தாள். நேற்று இங்கே கணவரின் சாம்பலைத் தூவியபோது, அவளுடைய இளைத்த விரலிலிருந்து, அவர் போட்டுவிட்ட மோதிரம் நழுவிவிட்டது.

"எப்படி இருக்கும்?" என்று காலையிலேயே கேட்டிருந்தான்.

"பெரிய விலையெல்லாம் இல்லப்பா. பார்த்தா எனக்குத் தெரியும்."

முதுகு ஒடிந்துபோன சாயங்காலத்தில் கல் பதித்த தங்க மோதிரம் ஒன்று கிடைத்தது. மெர்வின் வாளியும் கையுமாக ஓடினான்.

"இந்தாங்க கிளெனிஸ்! இனிமே என்னால குனிய முடியாது."

"அழகா இருக்கு. ஆனா என்னோடது இல்லப்பா."

"ஐயோ! இதை விட்டா வெறும் குப்பைதானே கிடைச்சுது?"

கிளெனிஸ் வாளியை எட்டிப் பார்த்தாள். பிறகு மடியில் கவிழ்த்து, ஐம்பது வருடமாகத் தேய்ந்து வழவழத்த வளையம் ஒன்றைப் பொறுக்கி விரலில் மாட்டிக்கொண்டாள்.

"கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டப்போ," என்றாள் வெட்கத்துடன், "அவர் கையில பீர் டின் மட்டும்தான் இருந்துச்சு."