ஊற்று தெளியும்வரை

ஆறும் ரயிலும் குறுக்கிட்ட இடத்தில்தான் அந்த ஊர் முளைத்தது. ஆறு சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது; ரயில் துணியை ஏற்றிக்கொண்டு போனது. இப்போது ஆற்றில் வெறும் மணல். சாயத்தொட்டியில் முப்பது வருஷம் வேலை பார்த்த மாசிலாமணியின் அஸ்தியைக் கரைக்க, அவருடைய தம்பி கோதண்டம் ரயில் பாலத்தடியில் ஊற்றுத் தோண்டினான். இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் நீலமாக ஊறியது.

"முதல் தண்ணி அப்படித்தானுங்க அண்ணி. இறைச்சா தெளிஞ்சிரும்."

மூன்று முறை இறைப்பது வழக்கம். இறைத்தான். ஒவ்வொரு முறையும் நீலம் கூடிக்கொண்டே போனது. தலைக்கு மேலே ரயில் தடதடத்துக் கடந்தது. பட்டறைகளை மூடியபிறகு அது இந்த ஊரில் நிற்பதில்லை. யாரோ பழக்கதோஷத்தில் ஆற்றுக்குப் போட்ட காசு மணலில் வந்து விழுந்தது.

"பக்கத்து ஊருக்குப் போய் ரயிலைப் புடிச்சா, சாயங்காலத்துக்குள்ள காவிரிக்குப் போயிரலாமுங்க," என்றான் கோதண்டம்.

வள்ளியாத்தாள் மடியில் புருஷனின் அஸ்திக் கலயத்தை வைத்துக்கொண்டு குழியையே பார்த்தாள். சோறு போடும்போதெல்லாம் அவர் நகக்கண்ணில் பார்த்த நிறம். கடைசியாகக் குளிப்பாட்டியபோதும் அரப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

கலயத்தின் வாய்த்துணியை அவிழ்த்தாள்.

"அண்ணி, அது சுத்தமில்லாத தண்ணீங்க."

"உங்கண்ணன் கை கழுவுன தண்ணிதான் தம்பி," என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.