செவ்வாய், புதன் லீவு

"நாளைக்கே வந்து சேர்ந்துடறேன் மேடம். ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடணும். அடுத்த மாசம் பத்து, பதினொண்ணு, ரெண்டு நாள் எனக்கு லீவு வேணும்."

இதைச் சொல்லும்போது மட்டும் எழில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வேதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதுவரை இந்தப் பெண் கணீரென்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ், இங்கிலீஷ், ஒப்பேற்றுகிற அளவுக்கு இந்தி. கம்ப்யூட்டரும் தெரியும். செங்கம் சாலையில் பன்னிரண்டு அறை லாட்ஜை வைத்துக்கொண்டு, வரவேற்பில் உட்கார ஆளில்லாமல் பத்து நாளாகத் திண்டாடிக்கொண்டிருந்த வேதாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இப்போது லீவு என்கிறாள்.

அந்த நாற்காலியில் இருந்த அன்பரசன் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்டான். அவனுக்கு முன்னால் இருந்தவள், சேர்ந்த வாரமே அக்கா வீட்டு விசேஷம் என்று லீவு போட்டுப் போனாள். விசேஷம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து வேதாவுக்கு ஒரே சட்டம்தான். சேர்ந்து மூன்று மாதத்துக்கு லீவு என்ற பேச்சே கூடாது. கேட்டால் வேலை கிடையாது.

அப்படியே சொல்லி அனுப்பியிருப்பாள். தேதிதான் அவளை உறுத்தியது.

சுவரில் இருந்த காலண்டரைப் புரட்டினாள். பத்தும் பதினொன்றும் செவ்வாய், புதன். பௌர்ணமி இல்லை. முகூர்த்தம் இல்லை. கிரிவலக் கூட்டமெல்லாம் கலைந்து, லாட்ஜ்காரர்கள் வாசலில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற நாட்கள்.

செவ்வாய்க்கிழமையில் யாராவது லீவு போடுவார்களா?

"பரீட்சை ஏதாவது எழுதறியாம்மா?"

"இல்ல மேடம். நானும் எங்கம்மாவும் ரெண்டு நாள் வெளிய தங்கறோம். அவங்களுக்குத் தெரியாது, நான்தான் ரெண்டு மாசம் முன்னாடியே ரூம் போட்டுட்டேன்."

மாடிப்படியில் வாளிச் சத்தம் கேட்டது. எழில் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அறைகளைச் சுத்தம் செய்கிற சரசு, அழுக்குத் துணி மூட்டையோடு இறங்கி வந்தாள். புது முகம் யாரைப் பார்த்தாலும் ஊர் பேர் விசாரிக்காமல் நகராதவள், இன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் பின்பக்கம் போனாள். பல்வலியோ என்னவோ என்று வேதா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் துவைக்கிற இடத்தில் குழாய் திறந்துகொண்டது.

"அத கேன்சல் பண்ணிட்டு இன்னொரு நாள் போகக் கூடாதா?"

"கேன்சல் பண்ணா அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டாங்க மேடம். போர்டே வெச்சிருக்காங்க." எழில் வேதாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வேதாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன ஜனங்களோ! கொஞ்சமாவது ஈவிரக்கம் வேணாம்? அந்த ஓனர் நம்பரக் குடு, நான் கேக்கறேன்."

எழில் நம்பரைத் தரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று வேதாவுக்குப் பிடிபடவில்லை.

"இந்த லீவச் சொல்லித்தான் போன வாரம் வேங்கிக்கால்ல ஒரு வேலை போச்சு மேடம். இதுவும் போயிடும்னு தெரியும். ஆனா மறைச்சுச் சேர மனசு வரல."

ஒரு வேலை போயாயிற்று. இன்னொன்றும் போனால் போகட்டும் என்கிறாள். அப்படி எந்த ஊராக இருக்கும்? வேலை கொடுப்பதா வேண்டாமா என்பதே வேதாவுக்கு மறந்துபோனது. எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

"ஊட்டியா? கோவாவா? எங்கதான் போறீங்க, சொல்லித் தொலையேன்."

எழில் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. மேசையில் சாய்ந்து, வேதாவின் காதருகே சொன்னாள்.

"எங்கயும் போகல மேடம். இங்கதான். ஏழாம் நம்பர் ரூம்."

வேதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். அன்பரசன் போட்டுவிட்டுப் போன பதிவு அப்படியே இருந்தது. மலை பார்த்த ஜன்னல். இரண்டு பேர்.

எழில். சரசு.

"பதினோரு வருஷமா அந்தக் கட்டிலுக்கு பெட்ஷீட் மாத்தறாங்க மேடம். ஒரு தடவ அதுல படுத்துத் தூங்கட்டும்னு. வேலை கேக்கறப்ப என் பேரச் சொல்லாதன்னு அவங்கதான் சொல்லி அனுப்பினாங்க. அதான் வந்ததுமே சொல்லல."

வேதாவின் தலைக்கு மேலேதான் அந்தப் போர்டு தொங்கியது. அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது. சிவப்பு எழுத்தில் எழுதச் சொன்னது அவள்தான். நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

பின்பக்கத்திலிருந்து சரசு குரல் கொடுத்தாள்.

"அம்மா, ஏழாம் நம்பர் தலகாணி உறை ரெண்டும் துவைச்சுத் துவைச்சு நூலாப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிடலாமா?"

"வேணாம் சரசு. பத்தாந்தேதிக்குள்ள புதுசு வாங்கிடறேன்."

"அட! அப்படி யாரும்மா வர்றாங்க?"

எழிலின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தன. வேதா அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு பின்பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"எனக்கென்ன தெரியும்? இனிமே ரூம் விஷயமெல்லாம் புதுசா சேர்ந்திருக்கற பொண்ணுதான் பாத்துக்கும். நாளைக்கு வரும், அதுகிட்டயே கேளு."

குழாய்ச் சத்தம் நின்றது.